செல் அடிக்குது... எடுக்காதீங்க!

மத்தியானம் மூணு மணி மூணு நிமிஷம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். பார்க் ஓரமாக ஒரு ஐஸ்க்ரீம் வண்டி. கோட் சூட் போட்ட பெண்மணி ஒருவர் செல்போனில் பேசிக்கொண்டே வாங்க நிற்கிறார். பின்னால் இரண்டு டீன்ஏஜ் பெண்கள். ஒரே போனில் ரெண்டு பேரும் காதை ஒட்டிக் கேட்கிறார்கள் (பஸ்ஸில் ஒரு இயர்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பங்கு போடுவோமே, அந்த மாதிரி). அடுத்த நொடி அந்தப் பெண்மணி ஐஸ்க்ரீம்காரர் மேல் பாய்கிறார். போனைக் கையில் வைத்திருந்த பெண், அந்தப் பெண்மணியின் கழுத்தில் பல்லைப் பதிக்கிறாள். ஒட்டுக்கேட்டவளுக்கு விஷயம் பாதிதான் போய்ச் சேர்ந்தது. அவள் யாரையும் கடிக்கவில்லை. தான் யார் என்பதே மறந்துபோய் விளக்குக் கம்பத்தில் போய் மோதுகிறாள். கொஞ்சம் தள்ளி ஒரு ஆள் நாயைப் பிடித்து அதன் காதைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

பயப்படாதீங்க பாஸ், கதைதான். ஸ்டீபன் கிங் எழுதிய 'செல்' நாவலின் முதல் சில பக்கங்கள். அந்த நேரத்தில் செல்போனைக் காதில் வைத்திருந்த அத்தனை பேருக்கும் ஒரு சிக்னல் போயிருக்கிறது. கதையில் அதற்குப் பெயர் 'பல்ஸ்'. கேட்டவர்களின் மூளை, துடைத்து வைத்த சிலேட்டு. எதிரில் அப்பா வந்தாலும் அடி, அம்மா வந்தாலும் கடி. சரி, கேட்காதவர்கள் இந்தக் கலவரத்தைப் பார்த்ததும் என்ன செய்வார்கள்? போலீஸைக் கூப்பிட அவசரமாக செல்லை எடுப்பார்கள். அவர்களும் காலி!

"நம்ம ஏரியாவை வெச்சு ஒரு திகில் மேட்டர் எழுதிட்டு வா" என்றுதான் ஆபீஸில் சொன்னார்கள். இன்டர்னுக்குக் கிடைக்கிற வேலை இப்படித்தான் இருக்கும். பாழடைந்த பங்களா, புளியமரம், ராத்திரி பன்னிரண்டு மணி என்று ஏதாவது தேடலாம் என்று பார்த்தால், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் புளியமரத்தை வெட்டி ரோடு போட்டுவிட்டார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பேய் வந்தாலும் ஷிப்ட் பஸ்ஸில் அடிபடும். அப்போதுதான் சீனியர் ஒருவர் ரூமில் விட்டுவிட்டுப் போன, அட்டை கிழிந்த 'செல்' கையில் மாட்டியது. மூன்றே ராத்திரியில் முடித்தேன். இன்டர்னல்ஸுக்குக்கூட இவ்வளவு ஸ்பீடா படித்ததில்லை.

முடித்த பிறகு ஒரு தேதியைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாவல் வெளிவந்தது 2006 ஜனவரி. அதே 2006 ஜனவரியில்தான் நம்ம ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை செல்போன் உற்பத்தியை ஆரம்பித்தது. செல்போனைத் தொட்டவன் எல்லாம் பேயாகிறான் என்று அங்கே புத்தகம் அச்சாகிக்கொண்டிருந்தபோது, இங்கே பெல்ட்டில் வரிசையாக செல்போன் வந்துகொண்டிருந்திருக்கிறது! அப்போது எனக்கு ஒரு வயசு. நோக்கியா 2014 நவம்பரில் மூடிவிட்டது. ஆனால் செல்போன் நம்ம ஊரைவிட்டுப் போகவில்லை. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கானில் ஐபோன் அசெம்பிள் ஆகிறது. நோக்கியா இருந்த இடத்தை சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி வாங்கியது. உலகத்தில் யாரோ ஒருத்தர் கையில் இருக்கிற போன், நம்ம பக்கத்துத் தெரு அக்கா திருகின ஸ்க்ரூவாக இருக்க நல்ல சான்ஸ் உண்டு.

இன்னொரு விஷயம், இதை எழுதின ஸ்டீபன் கிங்கிடம் அப்போது செல்போனே கிடையாது. புத்தகத்தின் கடைசியில் அவரைப் பற்றிய குறிப்பிலேயே அப்படிப் போட்டிருக்கிறது. தைரியமான ஆள்.

கதை என்னன்னா...

ஹீரோ கிளே ரிடெல் ஒரு காமிக்ஸ் ஓவியர். அவரிடம் செல் கிடையாது. அதனால் தப்பிக்கிறார். கூடச் சேரும் டாம் என்பவர் செல் வைத்திருந்தவர்தான். அன்றைக்குக் காலையில் வீட்டுப் பூனை அதைத் தட்டிவிட்டு உடைத்துவிட்டது. (பூனை குறுக்கே போனால் ஆகாது என்று சொல்பவர்கள் கவனிக்க.) ஆலிஸ் என்ற பதினைந்து வயசுப் பெண்ணும் சேர்ந்துகொள்கிறாள். மூன்று பேரும் முன்பின் தெரியாதவர்கள். கிளேவின் பையன் தூரத்து ஊரில் இருக்கிறான். அவனிடம் ஒரு குட்டி சிவப்பு செல்போன் உண்டு. அன்று மூணு மணி மூணு நிமிஷத்துக்கு அது பையன் காதில் இருந்ததா, இல்லையா? கிளே கதை முழுக்க நடப்பது இந்த ஒரு கேள்விக்காகத்தான். முடிவைச் சொல்ல மாட்டேன், படிச்சுக்கோங்க. 2016-ல் சினிமாவாகவும் வந்தது. அதைப் பார்க்காவிட்டால் நஷ்டமில்லை.

நடுவில் ஒரு பள்ளிக்கூடம் வருகிறது. பையன்களெல்லாம் போய்விட, வயதான தலைமையாசிரியரும் ஜோர்டன் என்ற ஒரே ஒரு சிறுவனும் மட்டும் மிச்சம். கம்ப்யூட்டர் பைத்தியமான அந்தப் பையன் மனித மூளையை ஹார்டு டிஸ்க்காகவே யோசிக்கிறான். தலைமையாசிரியர் ஒரு தியரி சொல்கிறார். டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டால் கடைசியில் அடியில் மிஞ்சுவது என்ன? படிப்பு இல்லை, பாசம் இல்லை, கொலைவெறிதான். மனிதன் என்பவனின் அடிப்படை புரோகிராமே அதுதான் என்கிறார்.

நாவலில் என்னைப் பயமுறுத்தியது கழுத்தைக் கடிக்கிற சீன் இல்லை, இதுதான். ஏனென்றால் இது உண்மைதானோ என்று நினைக்கவைக்கிற சம்பவங்கள் நம்ம பக்கத்திலேயே நடந்திருக்கின்றன.

சாக்லேட் கொடுத்ததற்கு...

2018 மே 9. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்புகிறது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர். வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்துகிறார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுக்கிறார் காரில் வந்த 65 வயசுப் பாட்டி. பேரப்பிள்ளை எடுத்த எந்தப் பாட்டியும் செய்கிற வேலை. ஆனால் அந்த மாதம் வட தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரே பேச்சு: பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது. கூட்டம் கூடியது. பாட்டி அங்கேயே அடித்துக் கொல்லப்பட்டார். கூட வந்தவர்கள் பலத்த காயங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அடித்தவர்கள் யாரும் ரவுடிகள் இல்லை. காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்த மனுஷர்கள். நடந்ததை வீடியோ எடுத்தவர்களும் அங்கேயே இருந்தார்கள். அதே மாதம் பழவேற்காட்டில் வீடு வாசல் இல்லாத ஒருவரையும் இதே சந்தேகத்தில் அடித்துக் கொன்றார்கள்.

மூணு மணி மூணு நிமிஷத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கள்?

அந்த வருஷம் இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றின் கதை தெரியுமா? பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். சிசிடிவி காட்சி மாதிரியே இருக்கும். பார்த்தால் அடிவயிறு கலங்கும். அது பாகிஸ்தானில் கராச்சியில், குழந்தைகளை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வதற்காக நடிகர்களை வைத்து எடுத்த விழிப்புணர்வுப் படம்! கடைசியில் அதே பைக் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டும். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். பாஸ்டனில் போனைப் பாதி ஒட்டுக்கேட்ட பெண் ஞாபகம் வருகிறதா? கதையில் பாதி கேட்டவள் தன்னையே காயப்படுத்திக்கொண்டாள். இங்கே பாதி பார்த்தவர்கள் அடுத்தவரை அடித்தார்கள்.

2018 ஜூலை 1-ம் தேதி மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்தில் ஒரே இடத்தில் ஐந்து பேர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்ட பிறகுதான் வாட்ஸ்அப் அசைந்தது. அந்த மாதமே 'ஃபார்வர்டு' என்ற முத்திரை வந்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாது என்ற கட்டுப்பாடும் வந்தது. இன்றைக்கு நாம் எரிச்சலோடு தாண்டிப் போகிற அந்தச் சின்ன முத்திரைக்குப் பின்னால் இத்தனை உயிர்கள்.

ஆக, தலைமையாசிரியர் சொன்னது சரிதானா? நான் கிட்டத்தட்ட அந்த முடிவுக்கு வந்துவிட்டேன். என்னைத் திருப்பிவிட்டது நம்ம ஊரில் நடந்த இன்னொரு ராத்திரி.

ஹைவேயில் உட்கார்ந்தவர்கள்

2021 டிசம்பர். ஃபாக்ஸ்கானில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டலில் சாப்பாடு விஷமாகி, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு ரூமில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரைகூடத் தரையில் படுத்திருந்ததையும், சில கழிப்பறைகளில் தண்ணீரே வராததையும் பின்னால் ராய்ட்டர்ஸ் விரிவாக எழுதியது. ஹாஸ்டல் கிச்சனில் எலியும் மோசமான வடிகாலும் இருந்ததால் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அதை மூடினார்கள். அதெல்லாம் பிறகு தெரிந்த விஷயங்கள். அந்த இரண்டு நாளில் மற்ற பெண்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள் ஷிப்டுக்கு வரவில்லை. எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள்... பதில் சொல்ல ஆள் இல்லை.

பதில் வராத இடத்துக்கு வாட்ஸ்அப் வந்தது. செத்துப்போயிட்டாங்களாம்! மறைக்கிறாங்களாம்!

இதை நாவலாக எழுதச் சொல்லி ஸ்டீபன் கிங்கிடம் கொடுத்திருந்தால் அடுத்த சேப்டரில் தொழிற்சாலை எரிந்திருக்கும். ஆயிரக்கணக்கானவர்கள், ராத்திரி நேரம், கூடவே வேலை பார்த்தவர்கள் செத்துவிட்டார்கள் என்ற செய்தி, எல்லார் கையிலும் செல்போன். கொலைவெறிதான் அடிப்படை புரோகிராம் என்றால் அது ஓடுவதற்கு இதைவிட வசதியான ராத்திரி கிடைக்காது.

நடந்தது என்ன? டிசம்பர் 17-ம் தேதி சுமார் 2,000 பெண்கள் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். ரோட்டில் உட்கார்ந்தார்கள். மறுநாளும் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டது ஒரே கேள்வி: எங்க கூட இருந்தவங்க எங்கே? மார்கழிப் பனியில், தூரத்து மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்த, நம்ம வயசுப் பெண்கள். நாம் கல்ச்சுரல்ஸுக்கு லீவு கேட்டு ஹெச்ஓடி ரூம் வாசலில் நிற்கவே நாலு பேரைச் சேர்க்க முடியாமல் தவிக்கிறோம். அவர்கள் தலைவர் இல்லாமல், மைக் இல்லாமல், நாட்டின் பெரிய ஹைவே ஒன்றை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்டார்கள்.

காஞ்சிபுரம் கலெக்டர் நேரில் வந்து யாரும் சாகவில்லை என்று விளக்கினார். அது உண்மை. யாரும் சாகவில்லை. வதந்தி பரப்பியதாக ஒரு யூடியூபர் கைதானார். ராய்ட்டர்ஸ் செய்திப்படி 67 பெண்களும் ஓர் உள்ளூர் பத்திரிகையாளரும் பிடித்துவைக்கப்பட்டார்கள். தங்கள் போன்களைப் பறித்துக்கொண்டதாகவும் வீட்டுக்குப் போன் போட்டு மிரட்டியதாகவும் அந்தப் பெண்களில் சிலர் சொன்னார்கள். போன் பறித்ததையும் அடித்ததையும் போலீஸ் மறுத்தது. பிறகு தொழிற்சாலை மூடப்பட்டது. டிசம்பர் 29-ம் தேதி ஆப்பிள், அந்தத் தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்திருப்பதாக அறிவித்தது. 17,000 பேர் வேலை பார்த்த இடம் 2022 ஜனவரி 12-ம் தேதிதான் மறுபடி திறந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். செத்துவிட்டார்கள் என்பது பொய். ஆனால் அந்தப் பெண்கள் பொய்யைப் பரப்ப ரோட்டுக்கு வரவில்லை. பொய்யா மெய்யா என்று கேட்கத்தான் வந்தார்கள். போளூரில் கேள்வியே கேட்காமல் கை ஓங்கியது. சுங்குவார்சத்திரத்தில் கை ஓங்காமல் கேள்வி கேட்டார்கள். ரெண்டும் வாட்ஸ்அப் வதந்திதான், ரெண்டும் பயம்தான். ஆனால் 'வதந்தியால் கலவரம்' என்று ஒரே டப்பாவில் போட்டு மூடிவிடக் கூடாது.

1947-ல் கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மேன் என்று இரண்டு அமெரிக்க உளவியல்காரர்கள் வதந்திக்கு ஒரு ஃபார்முலாவே போட்டார்கள். உலகப் போர் சமயத்து வதந்திகளை ஆராய்ந்து கண்டுபிடித்தது. நம்ம சிலபஸில் இல்லை, ஆனால் எம்-த்ரீயைவிட ஈசி. வதந்தியின் வலு = விஷயம் நமக்கு எவ்வளவு முக்கியம் × விஷயம் எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது. அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கிற பெருக்கல் குறி. கூட்டல் இல்லை. ரெண்டில் ஏதாவது ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். கூட வேலை பார்க்கிறவள் உயிர் முக்கியமில்லை என்று யாரும் ஆக்க முடியாது, ஆக்கவும் கூடாது. அதனால் மாற்றக்கூடிய டெர்ம் ஒன்றுதான் பாக்கி. 15-ம் தேதி ராத்திரியே ஒருத்தர் வந்து, யார் யார் எந்த ஆஸ்பத்திரியில் எந்த வார்டில் இருக்கிறார்கள் என்று பேர் வாரியாக ஒட்டியிருந்தால்? 159 பேரில் நாலு பேரைப் பேசவைத்து ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தால்? எல்லார் கையிலும் செல்போன் இருக்கிற ஊர்தானே இது. செல்போன் செய்கிற ஊர் வேறு!

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய புதுக் குடியிருப்பை முதல்வர் திறந்துவைத்தார். நல்ல விஷயம்தான். தரையில் படுக்க வேண்டாம், தண்ணி வரும். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பெண் "என் ரூம்மேட் எங்கே?" என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கிறாரா என்பதையும் நான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

2023 மார்ச்சில் ஃபார்முலா வேறு பக்கம் வேலை செய்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் கிளம்பின. டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவில் தோன்றி, ஒன்று திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை, இரண்டையும் திரித்திருக்கிறார்கள் என்று விளக்கினார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே கிளம்பி வந்து பார்த்துவிட்டுப் போனது. ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களோடு பயந்து போகிறவர்களும் சேர, ரயில் நிலையங்களில் கூட்டம். போளூரில் வெளியாளைப் பார்த்து உள்ளூர் பயந்தது. இங்கே உள்ளூரைப் பார்த்து வெளியாள் பயந்தான்.

இப்போ என் விஷயம்

இதுவரை பெரிய மனுஷன் மாதிரி பேசிவிட்டேன். இனிமேல் சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2024 மார்ச். நான் ஃபர்ஸ்ட் இயர். ஒரகடம் பக்கம் நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்திருந்தோம். மறுபடியும் பிள்ளை பிடிக்கிற வதந்தி ஓடிக்கொண்டிருந்த சமயம். க்ளாஸ் குரூப்பில் ஒரு ஆடியோ வந்தது. ஒரு பெண் குரல், மூச்சு வாங்க. நம்ம ஏரியாவில் வெள்ளை வேன் சுத்துதாம், இந்திக்காரங்களாம், அவங்க அக்கா பிள்ளையையே தூக்கப் பார்த்தாங்களாம். கேட்டால் யாருக்கும் நெஞ்சு பதறும். எனக்கும் பதறியது. ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் குரூப், ஊர் குரூப், ரூம் ஓனர் இருக்கிற தெரு குரூப், மூன்றிலும் தட்டிவிட்டேன். மூன்றே செகண்ட். அப்புறம் மெஸ்ஸில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

மூணு நாள் கழித்து ராத்திரி பத்தரை மணி. தெருமுனையில் சத்தம். போனால் பதினைந்து இருபது பேர் நடுவில் ஒருத்தன். எங்களைவிட ஒன்றிரண்டு வயசு கூட இருக்கும். தோளில் பை. உதட்டில் ரத்தம். யாரோ ஏற்கெனவே ஒரு அறை விட்டிருந்தார்கள். வீடு வீடாக ஜன்னலில் எட்டிப் பார்த்தான் என்பது புகார். அவன் இந்தியில் ஏதோ சொல்கிறான். எங்களில் யாருக்கும் புரியவில்லை. புரிந்துகொள்ள யாரும் முயற்சி பண்ணவும் இல்லை. போனை எடுத்துக் காட்டுகிறான், ஸ்விட்ச் ஆஃப். "பாத்தியா, போனை ஆஃப் பண்ணி வெச்சிருக்கான்!" என்றது கூட்டம். சார்ஜ் தீர்ந்துபோன போன் குற்றத்துக்குச் சாட்சியானதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போது ஒரு அண்ணன் தன் செல்லை உயரத் தூக்கி ஸ்பீக்கரில் ஒரு ஆடியோவைப் போட்டார். "இது வந்து மூணு நாளாச்சு, நம்ம தெரு குரூப்லயே வந்துச்சு" என்றார். மூச்சு வாங்கும் அதே பெண் குரல்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அண்ணா, அதைப் போட்டதே நான்தான், அது உண்மையான்னு எனக்கே தெரியாது" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாக்கெட்டிலிருந்து செல்லை எடுத்து கேமராவைத் திறந்தேன். ரெக்கார்டிங் ஓட ஆரம்பித்துவிட்டது. ஸ்க்ரீன் வழியாகப் பார்க்கும்போது எல்லாம் எங்கேயோ தூரத்தில் நடப்பது மாதிரி இருந்தது. நாவலில் கடிக்கிறவர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். ரெக்கார்டு பண்ணிக்கொண்டு நிற்கிறவனைப் பற்றி எழுதவில்லை.

அப்போதுதான் மளிகைக்கடை அக்கா வந்தார். ஷட்டரை இறக்கிவிட்டுக் கையில் பூட்டும் சாவியுமாக வந்தவர், கூட்டத்தை விலக்கி எட்டிப் பார்த்தார். பார்த்த அடுத்த நொடி கத்தினார்.

"டேய்! இவன் தெனம் என் கடையில ரெண்டு முட்டையும் ஒரு பன்னும் வாங்குற பையன்டா! நூத்தி நாப்பது ரூபா பாக்கி வேற வெச்சிருக்கான். நீங்க பாட்டுக்கு அடிச்சுத் தொரத்திட்டா அந்தக் காசை உங்கப்பனா குடுப்பான்?"

யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான். கட்டி வைத்த கயிறு அறுந்த மாதிரி கூட்டம் தொளதொளத்தது. ஓங்கியிருந்த கை தலையைச் சொறிந்தது. ஆடியோ போட்ட அண்ணன் செல்லை மெதுவாக பாக்கெட்டில் வைத்தார். அக்காவுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. பையன் ஒடிசாக்காரன். கான்ட்ராக்ட் வேலை. கூட இருந்தவர்கள் அன்றைக்குப் பகலில் பக்கத்துத் தெருவில் வேறு ரூமுக்கு மாறிவிட்டார்கள். ஷிப்ட் முடித்து வந்தவன், போனில் சார்ஜ் இல்லாமல், எந்த வீட்டில் நம்ம ஆள் இருக்கிறான் என்று ஒவ்வொரு ஜன்னலாகத் தேடியிருக்கிறான்.

எனக்கு மட்டும் அக்கா ஒரு பார்வை பார்த்தார். கையில் செல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "படம் புடிச்சு முடிஞ்சுதா தம்பி?" என்றார். அந்த வீடியோவை அங்கேயே அழித்தேன். மூன்று குரூப்பிலும் போய் ஆடியோவை அழிக்கப் பார்த்தேன். 'எல்லோருக்கும் அழி' என்கிற வாய்ப்பு ரெண்டரை நாளுக்கு மேல் ஆனதால் காணாமல் போயிருந்தது. "நான் போட்டது உண்மை இல்லை, மன்னிச்சிருங்க" என்று தட்டினேன். மூன்று குரூப்பிலும் சேர்த்து நாலு பேர் பார்த்து ஒரு தம்ஸ்-அப் போட்டார்கள். அந்த மெசேஜை ஒருத்தர்கூட ஃபார்வர்டு பண்ணவில்லை.

தலைமையாசிரியர் தியரிக்கு வருகிறேன். எல்லாம் அழிந்தபின் அடியில் இருப்பது கொலைவெறி என்றால், நூற்று நாற்பது ரூபாய் பாக்கி அதை எப்படி அணைக்கும்? அந்தக் கூட்டத்துக்கு அவன் 'இந்திக்காரன்'. அக்காவுக்கு அவன் ரெண்டு முட்டை, ஒரு பன். அவன் யார் என்பது தெரிந்த அந்த நிமிஷம் ஃபார்முலாவில் ஒரு டெர்ம் பூஜ்யமாகிவிட்டது. ஆனால் இதில் ஒரு பயமும் இருக்கிறது. அன்றைக்கு அக்கா பத்து நிமிஷம் முன்னாடியே கடையை மூடிவிட்டுப் போயிருந்தால்? நம்ம ஏரியாவில் பாதிப் பேர் வெளியூர், வெளிமாநிலம். இந்த மாதம் இந்த ரூம், அடுத்த மாதம் வேறு ரூம். காலை ஷிப்ட்காரனுக்கு நைட் ஷிப்ட்காரன் முகமே தெரியாது. ஒரே தெருவில் ஆறு மாசம் இருந்தும் அவனை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவன் பேர்கூட அப்புறம்தான் தெரியும்.

நாவலை முடித்த அன்று சாயங்காலம் ஒரகடம் ஜங்ஷனில் நின்றேன். ஷிப்ட் முடியும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. கழுத்தில் டேக், முதுகில் பை. இறங்கின அத்தனை பேரும் தலையைக் குனிந்து செல்லைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். முகத்தில் நீல வெளிச்சம். ஒருத்தர் இன்னொருத்தர் மேல் மோதாமல் மந்தை மாதிரி ஒரே சீராக ரோட்டைக் கடக்கிறார்கள். ஸ்டீபன் கிங் வர்ணிப்பதும் அச்சு அசல் இப்படித்தான். முதுகுத்தண்டில் ஜில்லென்றது, சத்தியமாக. அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது.

ஒடிசாக்காரன்! டீ வாங்கித் தந்தான். காசு அவன்தான் கொடுத்தான், அக்கா கடைப் பாக்கியையும் எப்போதோ அடைத்துவிட்டானாம். இப்போது தமிழ் நன்றாகப் பேசுகிறான். கெட்ட வார்த்தை எங்களைவிடத் தெளிவாக வருகிறது. அந்த ஆடியோவைத் தெரு குரூப்பில் போட்டது நான்தான் என்பதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பக்கம் அச்சாகி வந்ததும் வாசித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்குத் தவறாமல் செல் அடிக்கும். எடுத்துப் பார்த்தால் ஒரு ரோஜாப்பூ, ஒரு சூரியன், கீழே 'சுப்ரபாத்'. மேலே சின்ன எழுத்தில் பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது என்று போட்டிருக்கும்.